தோளுக்கு எது நல்லது: தொங்கும் பட்டையா, அதிரும் பலகையா?

சுங்காய் வட்டாரத்துப் பழைய தோட்டக்காரர்களிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொன்னால், பலருக்கு ஒரு கை காதோரத்திலேயே நின்றுவிடுகிறது. "அவ்வளவுதான் தம்பி வரும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இறக்கிவிடுகிறார்கள். சட்டை மாட்டவும், அலமாரியின் மேல்தட்டு டப்பாவை எடுக்கவும், சாமி படத்துக்கு மாலை போடவும் அந்தக் கை போதாது. ஒரு காலத்தில் அதே கைதான் வெயில் ஏறுமுன் நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவி முடித்தது.

பால்மரம் வெட்டுவதை, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை, அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மணிக்கட்டு வேலை அல்ல. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கத்தியை வெட்டுக்கோட்டின் மேல்முனையில் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே சரிவாக இழுக்க வேண்டும். பட்டை நூலாகச் சீவி விழும். கொஞ்சம் ஆழம் கூடினால் மரத்தின் சதையில் காயம் படும், மண்டோரிடம் வசவு வாங்க வேண்டும். அந்த அளவான அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது தோள்தான். கீழ்ப்பட்டை முடிந்து வெட்டு மேலே ஏறும்போது, நீளக் காம்புக் கத்தியைத் தலைக்கு மேல் தூக்கியபடியே வேலை பார்க்க வேண்டும். அதன் பிறகு மங்குகளில் நிறைந்த பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு பக்கமும் வாளிகளைத் தொங்கவிட்டு, நிறுவைக் கொட்டகைவரை தூக்கி நடக்க வேண்டும். இத்தனையும் ஒரே பக்கத் தோளில், ஆண்டுக்கணக்கில். அந்தத் தோளுக்கு வேலைதான் கிடைத்தது. அந்த வேலையைத் தாங்குவதற்கான பயிற்சியை யாரும் கொடுக்கவில்லை.

1877ல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்ட பேராக் மாநிலத்தில், சுங்காய், பீடோர், துரோலாக், சிலிம் ரிவர் என நெடுகிலும் நிற்பது இன்று பெரும்பாலும் செம்பனை. லயங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் லாரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார்கள், குத்தகைக்குப் புல் வெட்டுகிறார்கள், சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறார்கள். அந்த ஜிம்களிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் இப்போது இரண்டு கருவிகள் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒன்று, மேலே மாட்டிப் பிடித்துத் தொங்கும் பட்டை. டிஆர்எக்ஸ் என்று கம்பெனி பெயராலேயே எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். மற்றது வைப்ரேஷன் பிளேட், வைப்ரேஷன் டம்பெல் என்று விற்கப்படும் அதிர்வுக் கருவி. இரண்டும் தோளையும் மேலுடம்பையும் வலுவாக்கும் என்று ஒரே குரலில் விற்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டை நம் ஊரில் ஏறக்குறைய எல்லாருக்கும் உதவும். அதிர்வு ஒரு சிலருக்கு, சிறிய அளவில், தெரிந்தவர் மேற்பார்வையில் உதவலாம். பகல் முழுக்க அதிரும் இயந்திரத்தைப் பிடித்து வேலை செய்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

தொங்கி வளர்ந்த தோள்

கயிற்றைப் பிடித்து உடம்பை வளர்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. மல்லர் கம்பத்தில் நட்ட கம்பம், தொங்கு கம்பம், கயிறு என மூன்று வகை உண்டு. தமிழ்நாட்டில் விழுப்புரம் அதற்குப் பெயர் போன ஊர். மேற்கே ஜிம்னாஸ்டிக்ஸ் வளையங்கள் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டன. 1940களில் பிரிட்டனில் ஆலிவ் குத்ரி ஸ்மித் என்ற அம்மையார், காயம்பட்ட கைகால்களைக் கயிறு, ஸ்பிரிங், கப்பிகளில் தொங்கவிட்டு எடையைக் குறைத்து அசைக்கும் சிகிச்சை முறையை வளர்த்தார். 1990களில் நார்வேக்காரர்கள் அந்த எண்ணத்தைத் தொங்குகயிற்றுச் சிகிச்சையாகச் செப்பனிட்டார்கள். ரெட்கார்ட் என்ற பெயரில் பல நாட்டு பிசியோதெரபி கூடங்களில் அது இருக்கிறது.

இன்றைய ஜிம் பட்டைக்கு ஒரு தென்கிழக்காசியத் தொடர்பும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவைச் சேர்ந்த ராண்டி ஹெட்ரிக், 1997ல் இந்தப் பக்கம் பணிக்கு வந்து ஒரு கிடங்கில் அடைந்து கிடந்தபோது, பெட்டிக்குள் தவறுதலாக வந்துவிட்ட ஜியு-ஜிட்சு இடைவாரைக் கதவில் மாட்டி, அதைப் பிடித்து உடம்பை இழுத்துப் பார்த்தார். பாராசூட் பட்டையைத் தைத்துச் சேர்த்து அதைச் செம்மைப்படுத்தினார். அதுதான் பிறகு கம்பெனியாகி உலகம் முழுக்கப் போனது.

அந்தப் பட்டையில் என்ன நடக்கிறது? இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து நில்லுங்கள். கால் தரையில், உடம்பு பலகைபோல நேராக. ஓரடி பின்னால் நின்றால் உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும், கைக்கு வரும் சுமை கொஞ்சம்தான். பாதத்தை முன்னால் நகர்த்த நகர்த்த உடம்பு சாயும், சுமை ஏறும். எடைத் தட்டுகளை மாற்ற வேண்டியதில்லை; நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். அறுபது வயது அம்மாவும் இருபது வயதுப் பையனும் ஒரே பட்டையில், ஒரே அசைவை, தத்தம் அளவில் செய்யலாம். இந்தக் கருவி எனக்குப் பிடித்துப் போனதற்கு இதுவே முதல் காரணம்.

தரையில் தண்டால் எடுப்பதோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வு, தண்டாலின்போது கைகள் தாங்கும் சுமையை அளந்தது. கை நீட்டிய நிலையில் உடல் எடையில் 69 விழுக்காடு, கீழே இறங்கிய நிலையில் 75 விழுக்காடு. முழங்கால் ஊன்றிச் செய்தால் ஏறக்குறைய 54, 62. அதாவது 80 கிலோ உள்ள ஒருவர் முழங்கால் ஊன்றினாலும் 40 கிலோவுக்கு மேல் தள்ளியாக வேண்டும். பல ஆண்டுகள் கையைப் பயன்படுத்தாமல் இருந்தவருக்கு அது பெரிய சுமை. இரண்டே நாளில் தோள் வலித்து விட்டுவிடுவார். பட்டையைப் பிடித்து ஏறக்குறைய நின்றபடியே தள்ளினால் அதில் ஒரு சிறு பங்கிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது காரணம் ஆட்டம். பட்டை நிலையாக நிற்காது. கை அங்குமிங்கும் நழுவப் பார்க்கும், அதை நடுவில் நிறுத்த, தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் தசையும், மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சிறு சுழல்தசைகளும், வயிற்றுத் தசையும் கூடி வேலை செய்ய வேண்டும். தொங்குபட்டைத் தண்டாலில் வயிற்றுத் தசைகள் தரைத் தண்டாலைவிட அதிகம் இயங்குவதை மின்பதிவுக் கருவிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நம் தோளில் முதலில் சோர்ந்து போவது மேலே தெரியும் பெரிய தசையல்ல, உள்ளே இருக்கும் இந்தச் சின்னத் தசைகள்தான். கையைத் தூக்கும்போது தோள்பட்டை எலும்பு சேர்ந்து திரும்பவில்லையென்றால், மூட்டின் மேல்புறத்தில் தசைநார் நசுங்கும். காதோரத்தில் நின்றுபோகும் கைகளில் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பட்டைக்கு எல்லையும் உண்டு. ஆட்டம் இருக்கும் இடத்தில் முழு பலத்தையும் போட முடியாது. பளுதூக்கும் வீரருக்கு வேண்டிய உச்ச பலம் இரும்புத் தண்டில்தான் வரும். தோள் ஒருமுறை கழன்று விழுந்தவர்கள் பட்டையில் கையை அகல விரிக்கும் அசைவுகளைச் செய்யக் கூடாது.

அதிர்வு என்ன செய்கிறது?

அதிர்வின் கதை சுவாரசியமானது. பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் ஷார்கோ, பார்க்கின்சன் நோயாளிகள் சிலர் நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு உடம்பு இலேசானதாகச் சொல்வதைக் கேட்டு, அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்தார். 1892ல் அதைப் பற்றி விரிவுரையும் செய்தார். 1966ல் சுவீடனில் ஹாக்பார்த், எக்லண்ட் இருவரும், தசையின்மேல் அதிர்வு வைத்தால் அந்தத் தசை தானாகவே சுருங்குவதை விளக்கினார்கள். தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. ஒவ்வோர் அதிர்வும் தசையை இம்மியளவு இழுக்கிறது. 'இழுபடுகிறேன்' என்று அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. 'சுருங்கு' என்று பதில் வருகிறது. முழங்கால் சில்லின் கீழ் மருத்துவர் சிறு சுத்தியால் தட்டும்போது கால் உதைப்பதும் இதே வழியில்தான்.

அதைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தவர் சோவியத் நாட்டின் நசாரோவ். 1970, 80களில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்களிடம் அதிர்வைப் பயன்படுத்தினார். கைக்கு அதிர்வு கொடுத்த ஆய்வுகளில் என் மனத்தில் நிற்பவை இரண்டு. 1994ல் இஸ்ரேலின் இசுரினும் டெனன்பாமும், இழுகம்பி வழியாக 44 ஹெர்ட்ஸ் அதிர்வு கொடுத்து, உட்கார்ந்து இழுக்கும் பயிற்சியை விளையாட்டு வீரர்களிடம் மூன்று வாரம் செய்வித்தார்கள். அதிர்வோடு இழுத்தவர்களின் பலம் ஏறக்குறைய 50 விழுக்காடு கூடியது, அதிர்வில்லாமல் இழுத்தவர்களுக்கு 16. அடுத்து, 1999ல் இத்தாலியின் கார்மெலோ போஸ்கோ தம் நாட்டு தேசிய அணிக் குத்துச்சண்டை வீரர்கள் 12 பேரின் ஒரு கைக்கு மட்டும் அதிரும் டம்பெல் கொடுத்தார். 30 ஹெர்ட்ஸ், ஒரு நிமிடம் வீதம் ஐந்து முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு. அதிர்வு பெற்ற கையின் வேகபலம் உடனே கூடியது. மற்றக் கையில் அப்படி மாற்றமில்லை.

விளம்பரங்கள் நிற்பது இந்த மாதிரி ஆய்வுகளின்மேல். ஆனால் இவை இளம் வீரர்களிடம், சில நிமிடங்களோ சில வாரங்களோ செய்யப்பட்டவை. பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் பலன் சிறிதாகவே இருந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. மூன்று வாரத்தில் பாதி பலம் கூடும் என்பதை நம்பி ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டுவதற்கு இது போதாது.

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. அதிரும் பலகையின்மேல் நின்றால் கணுக்கால், முழங்கால், இடுப்பு என ஒவ்வொரு மூட்டும் அதிர்வை உறிஞ்சிவிடும். தோளுக்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான். தோளுக்கு வேண்டுமென்றால் கையைப் பலகையில் ஊன்றித் தண்டால் எடுக்க வேண்டும், அல்லது பலகையோடு இணைந்த கம்பியை இழுக்க வேண்டும். நின்றபடியே மேலுடம்பு வலுவாகும் என்பது வெறும் பேச்சு.

இரண்டையும் சேர்த்த கருவியும் இருக்கிறது. அதே நார்வே ரெட்கார்ட் கயிறுகளில் அதிர்வூட்டும் பெட்டியைக் கோத்து, தொங்கும் கயிறே அதிரும்படி செய்திருக்கிறார்கள். கழுத்துவலி உள்ள பெண்களிடம் செய்து 2011ல் வெளியான ஓர் ஆய்வில், குறுகிய நேர அதிர்வுக்குப் பிறகு கழுத்துத் தசைகள் நடுங்காமல் நிதானமாக விசையைப் பிடித்து நிறுத்தியது தெரிந்தது. அது பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று, அளந்து கொடுக்கும் மருந்து. வீட்டுக் கூடத்தில் வாங்கி வைக்கும் சாமான் அல்ல.

ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் கைகள்

குத்தகைக்குப் புல் வெட்டும் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இறக்கியது. "பகல்ல தெரியாதுண்ணே. ராத்திரி படுத்தா விரல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். காலையில சட்டைப் பொத்தான் போட வராது. வைப்ரேஷன் மெஷின்ல கொஞ்ச நேரம் பிடிச்சா நரம்பு திறந்துக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

வாங்கக் கூடாது. அவருக்கு வந்திருக்கும் தொல்லைக்கு அதிர்வே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது புதிய நோயும் அல்ல. 1911ல் இத்தாலியின் லோரிகா, காற்றழுத்தத் துளைப்பான் பிடித்த தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை எழுதினார். 1918ல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் இண்டியானாவின் கல்லுடைக்கும் ஊர்களில் அதையே பார்த்தார். குளிர்நாடுகளில் விரல் வெளுப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நம் வெப்பத்தில் அது தெரிவதில்லை. மலேசியத் தொழிலாளர்களிடம் காணப்படுவது பெரும்பாலும் மரமரப்பும் கூச்சமும்தான். அதனால் இரத்தக் குறைவு, சர்க்கரை, வயது என்று ஏதாவது பெயர் சொல்லித் தள்ளிவிடுகிறார்கள்.

புல்வெட்டி, செயின்சா, மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் மோட்டார் குலைவெட்டி எல்லாம் கையை அதிரவைப்பவை. சந்தாஸ் வந்ததால் கழி அரிவாளை அண்ணாந்து இழுக்கும் பாடு குறைந்தது உண்மை. அதிர்வு கூடியதும் உண்மை.

ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் போட்ட விதி இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. எட்டு மணி நேர வேலைக்குக் கையில் இறங்கும் அதிர்வு வினாடிக்கு வினாடி 2.5 மீட்டரைத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. அதிர்வு இரட்டிப்பானால் நேரம் கால்வாசியாகும். 5 மீட்டரில் எட்டு மணி நேரம் என்றால், 10 மீட்டரில் இரண்டு மணி நேரம், 20 மீட்டரில் அரைமணி. உடற்பயிற்சிக்கான அதிர்வு டம்பெல் இந்த அளவுகளைச் சாதாரணமாகவே தாண்டும். குத்துச்சண்டை வீரருக்கு நாளில் ஐந்து நிமிடம் என்பதால் அது அடங்கிவிடுகிறது. பகலில் நான்கு மணி நேரம் புல் வெட்டியவர் தம் பங்கை ஏற்கெனவே தீர்த்துவிட்டு வருகிறார். அவருடைய கையில் இன்னும் ஏற்ற இடமில்லை. அவருக்கு வேண்டியது அதிராத, மெதுவாக இழுக்கும் பயிற்சி. அதைப் பட்டை கொடுக்கும்.

இன்னொன்று, காசு சம்பந்தப்பட்டது. 1969ஆம் ஆண்டு சொக்சோ எனப்படும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், அதிர்வால் தசை, நரம்பு, மூட்டு, இரத்தக்குழாய்களுக்கு வரும் நோய்கள் தொழில்நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளன. சொக்சோ கட்டும் தொழிலாளி, தாம் பிடித்த இயந்திரத்தின் பெயர், எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'கை மரத்துப் போகுது' என்று மட்டும் சொன்னால் மாத்திரைதான் கிடைக்கும். 'பத்து வருஷமா புல்வெட்டி பிடிக்கிறேன், இரண்டு கையும் மரத்துப் போகுது' என்று சொன்னால் மருத்துவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

சர்க்கரையும் தோளும்

நம் சமூகத்தில் தோளைப் பற்றிப் பேசும்போது சர்க்கரையை விட்டுவிட முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே 31.4. மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் உறைந்து இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகல் என்று ஓரிரண்டு ஆண்டுகளை அது தின்றுவிடும். மறுபக்கம், சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரும்பகுதி இழுத்துக்கொள்வது தசைகள்தான். நடை நல்லது, நடந்தால் காலுக்கு வேலை. மேலுடம்பின் தசை சும்மா கிடந்து வற்றிப்போகிறது. வாரத்தில் இரண்டு நாள் அதற்கும் வேலை கொடுக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் அதிர்வுக் கருவிக்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் அதிர்வு கூடாது. விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருந்தால், அதிர்வு அளவு மீறுவதே அவர்களுக்குத் தெரியாது. கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் இரத்தக்கட்டி உள்ளவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், அண்மையில் எலும்பு முறிந்தவர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எல்லாரும் விலகியே இருக்க வேண்டும்.

பட்டையில் தொடங்க நினைப்பவருக்கு மூன்று அசைவுகள் போதும். நெஞ்சுயரத்தில் கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுப்பது முதலாவது. இழுக்குமுன் இரண்டு தோள்பட்டைகளையும் முதுகுப் பக்கம் மெதுவாக ஒன்றுசேர்த்துவிட்டு, அதன் பிறகே முழங்கையை மடக்க வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: தோள் காதுவரை ஏறிவிடும், கழுத்து வலிக்கும். இரண்டாவது, பட்டைக்கு முதுகைக் காட்டி நின்று முன்னால் சாய்ந்து தள்ளுவது. மூன்றாவது, சாய்ந்தபடி இரண்டு கைகளையும் ஒய் எழுத்துபோல மேலே விரிப்பது. கை எங்கே வலிக்கிறதோ அதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்திவிட வேண்டும். எட்டுப் பத்து முறை, நடுவே ஓய்வு, இரண்டு மூன்று சுற்று. வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, கை திடீரென்று தூக்க வராமல் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து பிசியோதெரபிக்கு எழுதிக் கேட்டு வாங்கலாம்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பலகை வீட்டு விட்டத்தை நம்பாதீர்கள். வெளியே நன்றாகத் தெரியும் மரத்தை உள்ளே கறையான் தின்றிருக்கும். கதவில் மாட்டினால், கதவு உங்கள் பக்கம் திறக்காத திசையில் மாட்டுங்கள். தையல் பிரிகிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

சுங்காயிலும் சுற்றுப்புறத் தாமான்களிலும் பொது மண்டபங்கள் இருக்கின்றன, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, தமிழ்ப்பள்ளித் திடல்கள் இருக்கின்றன. உறுதியான ஓர் இரும்புக் குறுக்குக் கம்பியும் ஆறு பட்டைகளும் ஒரு வைப்ரேஷன் பிளேட்டின் விலைக்குள் அடங்கிவிடும். வாரம் ஒருநாள் ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அழைத்துப் பெரியவர்களுக்குக் காட்டச் சொல்லலாம். கோயில் கமிட்டியிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.